கல்யாண கேசட்டை சினிமா மாதிரி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் தொண்ணூறுகளிலும் 2000-களின் தொடக்கத்திலும் எடுத்த கல்யாண வீடியோக்கள் பலவும் இன்னும் விஎச்எஸ், மினி டிவி (MiniDV என்ற சிறிய டிஜிட்டல் கேசட்) கேசட்டுகளாகத்தான் பீரோவில் கிடக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் பலருக்கும் வரும் ஆசை, "படம் மாதிரி இருக்கணும்" என்பது. நல்ல ஆசைதான். ஆனால் உடனே நிறத்தில் கை வைக்கிறார்கள். வீடியோவை சினிமாவாக உணர வைப்பதில் நிறத்தைவிட அசைவுக்கே பங்கு அதிகம். அசைவு கெட்டுப்போனால் மேலே எந்த நிறத்தைப் பூசினாலும் அது ஒட்டாது.

கேசட்டில் இருப்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு ஃபீல்டுகளால் ஆனது. ஒரு ஃபீல்டில் ஒற்றைப்படை வரிகள், மற்றதில் இரட்டைப்படை வரிகள். இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல, 1/50 விநாடி இடைவெளியில் எடுத்தவை. அதாவது அந்தக் கேசட்டில் விநாடிக்கு 50 தனித்தனிக் கணங்கள் இருக்கின்றன. பழைய டிவியில் அது சரியாகத் தெரியும். கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போதுதான், கை அசையும் இடங்களில் சீப்புப் பல் போல வரிகள் தெரிகின்றன.

அந்த வரிகளைப் பார்த்ததும் பலர் செய்யும் பெரிய தவறு, இரண்டு ஃபீல்டுகளையும் கலந்துவிடும் 'பிளெண்ட்' முறையைத் தேர்ந்தெடுப்பது. சீப்பு மறைந்துவிடும், உண்மைதான். பதிலுக்கு எல்லாம் இரட்டையாகத் தெரியும். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தவில் குச்சி இரண்டாகத் தெரியும், மணமக்கள் மேல் விழும் ஒவ்வொரு அட்சதைக்கும் பக்கத்தில் ஒரு நிழல் அட்சதை விழும். இதைச் சினிமாவின் மங்கல் என்று நம்பி மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சினிமாவின் மங்கல் ஒரே தொடர்ச்சியான இழுப்பு. இது இரண்டு வேறு கணங்களை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியது. இப்படிக் கலந்த பிறகு பிரித்தெடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

நல்ல வழி, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃப்ரேமாக வளர்த்து, முதலில் விநாடிக்கு 50 ஃப்ரேம் கொண்ட புரோகிரஸிவ் (ஃபீல்டு இல்லாமல் முழு ஃப்ரேம்களாக ஓடும்) கோப்பு ஒன்றைச் செய்துகொள்வது. இப்படி ஃபீல்டுகளைப் பிரித்து முழு ஃப்ரேமாக்குவதற்கு டீஇன்டர்லேஸ் என்று பெயர். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளில் இருக்கும் யாடிஃப் (yadif) என்ற ஃபில்டர் இதைச் செய்யும். ஆனால் அதை அப்படியே விட்டால் 25 ஃப்ரேம்தான் தரும், ஃபீல்டுக்கு ஒரு ஃப்ரேம் வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். தரம் முக்கியம் என்றால் ஏவிஐசின்த் (AviSynth) அல்லது வேப்பர்சின்த் (VapourSynth) என்ற வீடியோ மென்பொருள்களில் ஓடும் க்யூடிஜிஎம்சி (QTGMC). பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை, கோலத்தின் மெல்லிய கோடுகள் போன்ற இடங்களில் யாடிஃப் கொஞ்சம் படிக்கட்டு விடும், துடிக்கும். க்யூடிஜிஎம்சி பக்கத்து ஃபீல்டுகளின் அசைவைக் கணக்கிட்டு, காணாமல் போன வரிகளை நிரப்புவதால் கோடு அமைதியாக நிற்கும். மெதுவாகத்தான் ஓடும், பொறுமை வேண்டும்.

இனி சினிமா அசைவு. ஃபிலிம் கேமரா விநாடிக்கு 24 ஃப்ரேம் எடுக்கும்போது, ஷட்டர் வழக்கமாக 1/48 விநாடி திறந்திருக்கும். மண்டபத்துக்குள் வீடியோ லைட்டில் எடுத்த பால் கேமராவின் ஷட்டர் பெரும்பாலும் 1/50. அப்படியானால் 50 ஃப்ரேமில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்தாலே, 25 ஃப்ரேமும் ஏறக்குறைய ஃபிலிமின் மங்கலும் கிடைத்துவிடுகின்றன. தனியாக எஃபெக்ட் எதுவும் வேண்டாம். மெரினாவில் உச்சி வெயிலில் எடுத்த காட்சி வேறு கதை. ஆட்டோமேட்டிக்கில் இருந்த கேமரா ஷட்டர் வேகத்தைத் தானாகவே ஏற்றியிருக்கும், 25-க்குக் குறைத்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். அந்தப் பகுதியில் மட்டும் அளவாக மோஷன் பிளர் (அசைவு மங்கல்) சேர்க்கலாம். முழுக் கேசட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. அப்புறம், 50 ஃப்ரேம் கோப்பு கையில் இருந்தால் தாலி கட்டும் காட்சியைப் பாதி வேகத்தில் ஓட்டும்போது நிஜமான ஸ்லோ மோஷன் கிடைக்கும். முதலிலேயே 25 ஆக்கியவர்களுக்கு அது கிடைக்காது.

இரண்டு ஃபீல்டில் எது முதலில் என்ற ஃபீல்டு வரிசையை ஊகிக்காதீர்கள். மினி டிவி என்றால் கீழ் ஃபீல்டு (இரட்டைப்படை வரிகள்) முதலில், 1080i எச்டி கேமரா என்றால் மேல் ஃபீல்டு (ஒற்றைப்படை வரிகள்) முதலில். விஎச்எஸ்ஸை கேப்சர் கார்டு (வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கருவி) வழியாக ஏற்றியிருந்தால், எது முதலில் என்பதைக் கார்டுதான் தீர்மானிக்கும். சோதனை எளிது: தவில் அடிக்கும் பத்து விநாடியை 50 ஃப்ரேமாக்கி ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். கை முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போனால் வரிசை தவறு. ஸ்டுடியோவில் மிக்ஸிங் செய்த கேசட் என்றால் டைட்டில், பாட்டு, சடங்கு என்று இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள்.

இன்டர்லேஸ் (இரண்டு கணத்து ஃபீல்டுகள் பின்னியது) என்று கோப்பு சொன்னாலும் உள்ளே அப்படி இல்லாமல் இருக்கலாம். டிவியில் போட்ட ஃபிலிம் படத்தைப் பதிவு செய்தது, பானாசோனிக் டிவிஎக்ஸ்100 மாதிரி கேமராவின் பால் வகையில் 25 புரோகிரஸிவாக எடுத்த குறும்படம், இவற்றில் இரண்டு ஃபீல்டும் ஒரே கணத்துக்குரியவை. அங்கே டீஇன்டர்லேஸ் செய்தால் இருக்கிற கூர்மையைக் காரணமில்லாமல் தொலைப்பீர்கள். ஃபீல்டுகள் சரியாக ஜோடி சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

டீஇன்டர்லேஸ் செய்வதற்கு முன் அளவை மாற்றவே கூடாது. 576 வரிகளை எடிட்டிங் டைம்லைனில் போட்டு 1080-க்கு இழுத்தால் இரண்டு ஃபீல்டின் வரிகளும் குழம்பிவிடும், பிறகு எந்த ஃபில்டரும் உதவாது. நாய்ஸ் (படத்தில் துடிக்கும் புள்ளிகள்) குறைப்பது, கேமரா ஆட்டத்தைச் சரிசெய்வது எல்லாமும் அதற்குப் பிறகுதான்.

சினிமா என்றால் 24 தானே என்று 25-ஐ 24 ஆக்க ஃப்ரேமை உருவ வேண்டாம். விநாடிக்கு ஒருமுறை குதிக்கும், நாதஸ்வரத்தோடு கேமரா நகரும் காட்சியில் அது பளிச்சென்று தெரியும். இணையத்துக்கும் டிவிக்கும் 25 தாராளமாகப் போதும். அமெரிக்காவில் எடுத்து வந்த என்டிஎஸ்சி (அந்த ஊர் டிவி முறை) கேசட்டில் விநாடிக்கு 59.94 ஃபீல்டு. அதை 29.97 ஃப்ரேமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

நிறத்தில் சுருக்கமாக இரண்டு. பழைய வீடியோ நிறத்தை எண்களாக்கும் தரத்தின் பெயர் 601, எச்டியின் தரம் 709. மாற்றாமல் விட்டால் முகத்தின் நிறம் லேசாகத் தவறிவிடும். சினிமா லுக் என்று கறுப்பை நசுக்கினால் தலைமுடியும் மாநிறமும் விவரமில்லாத இருட்டாகிவிடும்.

அகலத்திரைக்காக 4:3 படத்தை மேலும் கீழும் வெட்டுவதும் வேண்டாம். உயரத்தில் கால் பங்கு போகும். மண்டபத்து வீடியோவில் அந்தக் கால் பங்கில்தான் பெண்ணின் தலையில் வைத்த பூவும், மடியில் உட்கார்ந்த குழந்தையும் இருப்பார்கள். இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு, படத்தை 1440×1080 ஆகவே வையுங்கள்.

மினி டிவியிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்த மூலக் கோப்பு மணிக்குச் சுமார் 13 ஜிபி வரும். 50 ஃப்ரேம் கோப்பு தயாரானதும் அந்த மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். டீஇன்டர்லேஸ் மென்பொருள் வருடா வருடம் மேம்படுகிறது, ஆனால் ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்த கேசட் இன்னொரு முறை ஓடும் என்று சொல்ல முடியாது.