மலையிலிருந்து ரயிலேறுவோர் குறைந்த செலவில் பயணச்சீட்டு எடுப்பது எப்படி?

நீலகிரியில் குடியிருப்பவருக்கு ரயில் செலவு என்பது பயணச்சீட்டில் அச்சாகும் தொகையோடு முடிவதில்லை. உதகையிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ மலையிறங்கும் பேருந்துக் கட்டணம், கீழே காத்திருக்கும் நேரத்துச் சாப்பாடு, போய்ச் சேரும் ஊரில் அகால வேளையில் பிடிக்கும் ஆட்டோ ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே எந்த வண்டி மலிவானது என்று சொல்ல முடியும். ஆகவே, செயலியில் முதலில் கண்ணில் படும் குறைந்த தொகையைத் தொட்டுவிடாமல், வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடத் தொடங்குங்கள்.

சாதாரண விரைவு வண்டிகளில் கட்டணம் தூரத்தையும் வகுப்பையும் பொறுத்து நிர்ணயிக்கப்பட்டிருப்பதால், இரண்டு மாதம் முன்பு எடுத்தாலும் இரண்டு நாள் முன்பு எடுத்தாலும் அதே தொகைதான். தாமதிப்பவர்கள் கூடுதல் கட்டணத்தில் கடைசி நேரத்தில் எடுக்கும் தட்கல் பக்கம் தள்ளப்படும்போதுதான் செலவு ஏறுகிறது. முன்பு 120 நாள்களாக இருந்த முன்பதிவுக் காலம், 2024 நவம்பர் 1 முதல் பயண நாள் நீங்கலாக 60 நாள்களாகக் குறைக்கப்பட்டது. பொங்கலுக்காக ஜனவரி 13 அன்று பயணம் செய்ய வேண்டுமென்றால், நவம்பர் 14 காலை எட்டு மணிக்கே முன்பதிவு திறந்துவிடும். பண்டிகைக் காலத்தில் அந்த நாளைத் தவறவிட்டவர் பிறகு எவ்வளவு முயன்றாலும் பலன் குறைவு.

இணையத்தில் எடுக்கும்போது சேவைக் கட்டணம் தனியாகச் சேர்கிறது. யு.பி.ஐ. வழியாகச் செலுத்தினால் ஏசி அல்லாத வகுப்புக்கு 10 ரூபாயும் ஏசி வகுப்புக்கு 20 ரூபாயும், மற்ற வழிகளில் 15 ரூபாயும் 30 ரூபாயும், இவற்றின் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. இது ஆள் கணக்கில்லாமல் சீட்டுக் கணக்கில் வசூலிக்கப்படுவதால், குடும்பமாகச் செல்வோர் ஆறு பேர் வரை ஒரே சீட்டில் எடுப்பது நல்லது. உதகை, குன்னூர் ரயில் நிலையங்களின் முன்பதிவுக் கவுண்டர்களில் இந்தக் கட்டணமே கிடையாது. அங்கே மலை ரயிலுக்கு மட்டும்தான் சீட்டு கொடுப்பார்கள் என்று இன்னமும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாட்டின் எந்த ஊருக்கும் அங்கேயே முன்பதிவு செய்யலாம்.

சென்னைக்குச் செல்வோர் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸை மட்டுமே பார்க்கிறார்கள். அது நிரம்பிவிட்டால் தட்கலுக்குத் தாவுகிறார்கள். அதற்கு முன் கோவையைப் பாருங்கள். அங்கிருந்து இரவில் சேரன் எக்ஸ்பிரஸ், பிற்பகலில் கோவை எக்ஸ்பிரஸ் என்று வாய்ப்புகள் பல. காலையில் உதகையில் பேருந்து ஏறுபவருக்குக் கோவை எக்ஸ்பிரஸின் இரண்டாம் வகுப்பு இருக்கை எட்டக்கூடியது. படுக்கை வசதியைவிடக் கட்டணமும் குறைவு. ஆனால் அது சென்னையைத் தொடும்போது இரவு பதினொரு மணியை நெருங்கிவிடும் என்பதால், புறநகரில் வீடு உள்ளவருக்கு அங்கே மிச்சமான பணம் ஆட்டோவுக்கே போய்விடக்கூடும். சென்ட்ரலுக்கு அருகில் தங்குபவருக்கு மட்டுமே அது உண்மையான சிக்கனம் என்பது என் கருத்து.

குறைந்த தூரப் பயணத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. படுக்கை வகுப்பில் எவ்வளவு குறைவான தூரம் சென்றாலும் 200 கிலோமீட்டருக்கும், மூன்றடுக்கு ஏசியில் 300 கிலோமீட்டருக்கும் உரிய கட்டணம் கொடுத்தாக வேண்டும். கோவையிலிருந்து ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ படுக்கை எடுப்பவர் பயணம் செய்யாத தூரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். அத்தகைய பகல் பயணத்துக்கு முன்பதிவில்லாப் பெட்டியோ இரண்டாம் வகுப்பு இருக்கையோ போதுமானது. நெடுந்தூரத்தில் இதற்கு நேர்மாறாக, தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான விகிதம் குறைந்துகொண்டே போகிறது. எனவே வழியில் வண்டி மாற வேண்டியிருந்தால், இரண்டு தனிச் சீட்டுகளாக எடுப்பதைவிடக் கவுண்டரில் கேட்டு முழுத் தூரத்துக்கும் ஒரே பயணமாகப் பதிவு செய்வது மலிவாக முடியும்.

எல்லாம் கைவிட்ட பிறகே தட்கல். முந்தைய நாள் ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் அது திறக்கிறது. படுக்கை வசதிக்கு 100 முதல் 200 ரூபாய் வரையிலும், மூன்றடுக்கு ஏசிக்கு 300 முதல் 400 ரூபாய் வரையிலும் கூடுதலாகும். 2025 ஜூலை முதல் ஆதாரை இணைத்த கணக்கிலிருந்து மட்டுமே இணையத்தில் தட்கல் எடுக்க முடியும் என்பதால், அந்த வேலையை ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் முடித்து வையுங்கள். பதினொரு மணி அடிக்கும்போது கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. தட்கலை ஒட்டியே காட்டப்படும் பிரீமியம் தட்கலைத் தவறுதலாகத் தொட்டுவிட வேண்டாம். அதில் இடங்கள் விற்க விற்கக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இரண்டிலும், உறுதியான சீட்டை நீங்களாக ரத்து செய்தால் பணம் திரும்பி வராது. சதாப்தி போன்ற வண்டிகளிலும் 2016 முதல் ஏறுமுகக் கட்டண முறை நடைமுறைக்கு வந்தது.

மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பி இன்றைக்கும் பட்ஜெட் போடும் பெரியவர்களுக்கு வீட்டிலுள்ளவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டில் அவர்களுக்குள்ள முன்னுரிமை தொடர்கிறது.

வார இறுதியில் ரயிலில் இடமில்லை என்றதும் தனியார் ஆம்னி பேருந்தின் ஏறிய கட்டணத்தைக் கொடுப்பதற்கு முன், உதகையிலிருந்து சென்னைக்குச் செல்லும் அரசு விரைவுப் பேருந்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மலையிறங்கும் செலவு அதில் அடங்கிவிடுவதால் மொத்தக் கணக்கில் சில நேரம் அதுவே முந்திவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரயிலையே நம்பி இறங்குபவர்கள் மலை ரயிலை இணைப்பு வண்டியாக வைத்துக்கொள்ள வேண்டாம். பாதையில் மண் சரிந்தால் அது ரத்தாகிவிடும். கீழே தவறவிட்ட விரைவு வண்டியின் சீட்டும் வீணாகும். பர்லியாறு வழியோ கோத்தகிரி வழியோ, தேவைப்படுவதற்கு ஒரு பேருந்து முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.