கிராம் சாயமேற்றல்: நிறம் நீக்கும் அந்தச் சில விநாடிகள்

மருத்துவமனை ஆய்வகத்தில் நான் சேர்ந்த முதல் ஆண்டு. வீங்கிய முழங்காலிலிருந்து எடுத்த மூட்டு நீர் ஒன்று வந்தது. கிராம் முறையில் சாயமேற்றிப் பார்த்தேன். இதில் ஊதாச் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் கிருமி கிராம் பாசிட்டிவ், அதை இழந்து இளஞ்சிவப்பை ஏற்பது கிராம் நெகட்டிவ். இளஞ்சிவப்பு நிறத்தில் உருண்டைக் கிருமிகள். 'கிராம் நெகட்டிவ் உருண்டைகள்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மூட்டு நீரில் அப்படி ஒரு முடிவு வந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கொனோரியாக் கிருமிதான். சிகிச்சையும் அந்த வழியில் தொடங்கியது. மறுநாள் காலை பிளட் அகார் என்ற ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில் மங்கிய பொன்னிறத்தில் காலனிகள், அதாவது கிருமித் திரள்கள், வளர்ந்திருந்தன. கேட்டலேஸ் சோதனையில் நுரைத்தது, கோவாகுலேஸ் சோதனையில் பிளாஸ்மா உறைந்தது. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அது கிராம் பாசிட்டிவ் கிருமி. மருந்தை மாற்றினார்கள், நோயாளி தேறினார். ஆனால் அந்த ஓர் இரவு என் ஸ்லைடால் வீணானது.

தவறு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. புதிதாகப் பணிக்கு வருகிறவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

ஸ்லைடு தயாரித்தல்

நோயாளியின் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து போய்விடும். ஒரே ஒரு பஞ்சுக்குச்சிதான் வந்திருக்கிறது என்றால் முதலில் வளர்ப்புத் தட்டில் தேய்த்துவிட்டு, அதன் பிறகே ஸ்லைடுக்கு வாருங்கள். ஸ்லைடு கிருமி நீக்கியது அல்ல. பஞ்சுக்குச்சியை ஸ்லைடின் மேல் உருட்ட வேண்டும். அழுத்தித் தேய்த்தால் சீழணுக்கள் சிதைந்து, கிருமிகள் கொத்தாக இருந்தனவா, சங்கிலியாக இருந்தனவா என்பதே தெரியாமல் போகும். பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும்.

நன்றாகக் காற்றில் உலர்ந்த பிறகு நிலைப்படுத்துங்கள். பலரும் சுடரின் மேல் இரண்டு மூன்று முறை காட்டி எடுப்பார்கள். எனக்கு மெத்தனால்தான் பிடிக்கும். இரண்டு நிமிடம் போதும். அணுக்களின் உருவம் கெடாது, கழுவும்போது பூச்சும் பெயர்ந்து வராது. மூட்டு நீர், தண்டுவட நீர் போன்றவற்றுக்கு நான் சுடரைப் பயன்படுத்துவதே இல்லை.

சாயம்

கிறிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிடம், மெதுவாகக் கழுவல். அயோடின் ஒரு நிமிடம், மறுபடியும் கழுவல். குழாய் நீரை நேராகப் பூச்சின் மேல் விடாதீர்கள். அயோடின் கரைசலின் பழுப்பு நிறம் வெளிறியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள்.

நிறம் நீக்குதல்

நான் சறுக்கிய இடம் இதுதான். கல்லூரியில் 95 சதவீத எத்தனாலை வைத்துக் கற்றேன். அதற்குப் பத்து, பதினைந்து விநாடி பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் இருந்ததோ அசிட்டோன் கலந்த ஆல்கஹால். அசிட்டோன் மிக வேகமாக வேலை செய்யும். தனி அசிட்டோன் என்றால் இரண்டு மூன்று விநாடிதான். நான் பழைய கணக்கிலேயே பதினைந்து வரை எண்ணிக்கொண்டு நின்றேன். கிராம் பாசிட்டிவ் கிருமியின் தடித்த சுவருக்குள் சிக்கியிருக்கும் ஊதாச் சாயமும் அதற்குள் வெளியேறிவிட்டது.

ஆகவே விநாடியை எண்ணாதீர்கள், வழியும் நீரைப் பாருங்கள். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, மேல் விளிம்பிலிருந்து ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் அடர் ஊதா வழியும், பிறகு வெளிறும். வழிவது தெளிந்த அந்தக் கணத்திலேயே தண்ணீரில் கழுவிவிட வேண்டும். பூச்சு ஓரிடத்தில் தடித்திருந்தால் அங்கிருந்து ஊதா வழிந்துகொண்டே இருக்கும். அதற்காகக் காத்திருந்தால் மெல்லிய பகுதி பாழாகிவிடும். தடித்த பகுதியை விட்டுவிட்டு மெல்லிய பகுதியை நம்புங்கள்.

பிறகு எதிர்ச்சாயம், அதாவது நிறம் இழந்த கிருமிகளைச் சிவப்பாகக் காட்டும் இரண்டாவது சாயம். சஃப்ரனின் ஒரு நிமிடம் போதும் என்று புத்தகங்கள் சொல்லும். நான் நீர்த்த கார்பால் ஃபுக்சின் அரை நிமிடம் விடுகிறேன். சளியில் ஹீமோஃபிலஸ் போன்ற பொடிக் குச்சிகள் சஃப்ரனினில் பின்னணியோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும்.

பார்த்தல்

உடனே எண்ணெய் லென்ஸுக்குப் போகாதீர்கள். 10 மடங்கு லென்ஸில் முழுப் பூச்சையும் ஒரு சுற்றுப் பாருங்கள். சளி என்றால், ஒரு பார்வைப் புலத்தில் சீழணுக்கள் 25க்கு மேலும் வாய்த்தோல் அணுக்கள் 10க்குக் குறைவாகவும் இருந்தால்தான் அது நுரையீரலிலிருந்து வந்த சளி. இல்லாவிட்டால் எச்சில். மறுபடி கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸுக்கு வந்ததும், கிருமியைத் தேடும் முன் சீழணுவின் உட்கருவைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஊதாவாக இருந்தால் நிறம் போதுமான அளவு நீங்கவில்லை என்று பொருள். அந்தப் பகுதியில் எது ஊதாவாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், 1884இல் பெர்லினில் இந்த முறையை வெளியிட்டபோது அவர் விரும்பியதும் நுரையீரல் திசுவின் உட்கருக்கள் சாயம் இழந்து, கிருமி மட்டும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதைத்தான்.

நிறம் அளவுக்கு மீறி நீங்கியிருந்தால் உட்கரு அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்குத்தான் ஒப்பீட்டு ஸ்லைடு. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கிராம் நெகட்டிவான ஈ. கோலை இரண்டையும் தனித்தனிப் புள்ளிகளாக ஒரே ஸ்லைடில் வைத்து, நோயாளியின் ஸ்லைடோடு சேர்த்தே சாயமேற்றுங்கள். நாள் தவறாமல் செய்யுங்கள். அன்று என்னிடம் அது இருந்திருந்தால் ஸ்டாஃபைலோகாக்கஸும் சிவந்திருக்கும், நானும் அறிக்கையை அனுப்பியிருக்க மாட்டேன்.

அறிக்கையில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: 'கிராம் பாசிட்டிவ் உருண்டைகள், கொத்துக்கொத்தாக, சீழணுக்கள் ஏராளம்.' கிருமியின் பெயர் வளர்ப்புக்குப் பிறகுதான்.

பின்னர் சேர்த்தது

ஒரே காலனியில் ஊதாவும் சிவப்பும் கலந்து தெரிகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் காலனி பழையதாக இருக்கும். முதிர்ந்த கிராம் பாசிட்டிவ் கிருமிகள் ஊதாவைத் தக்கவைப்பதில்லை. 18 முதல் 24 மணி நேர வளர்ப்பை எடுங்கள்.

ரத்த வளர்ப்புப் பாட்டிலில் ஊதா உருண்டைகளைக் கண்டு, தட்டில் அசினிட்டோபாக்டர் வளர்ந்ததாக இன்னொருவர் எழுதினார். அந்தக் கிருமி கிராம் நெகட்டிவ் குச்சிதான், ஆனால் குட்டையானது, ஊதாவை எளிதில் விடாது. சந்தேகம் வந்தால் 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டில் காலனியைக் கலந்து லூப்பை (கம்பி வளையத்தை) மேலே தூக்குங்கள். நூல்போல இழுபட்டு வந்தால் கிராம் நெகட்டிவ்.

மூன்றாவது கேள்வி, தண்டுவட நீரில் ஊதாக் குச்சிகள் தெரிகின்றன, தட்டில் எதுவும் வளரவில்லை என்பது. நோயாளிக்கு ஏற்கெனவே மருந்து கொடுத்திருக்கலாம். ஆனால் சீழணுவே இல்லை என்று அவர் எழுதியிருந்ததால், எதுவும் பூசாத ஸ்லைடு ஒன்றுக்குச் சாயமேற்றிப் பார்க்கச் சொன்னேன். அதிலும் அதே குச்சிகள் இருந்தன. கிருமி இருந்தது கிறிஸ்டல் வயலட் பாட்டிலில்.