டப்பாவை மாற்றுவதற்கு முன்

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். பாட்டிலைக் கொதிக்க வைப்பது, கரண்டி அளவு எல்லாம் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள், அதை விடுகிறேன். பசும்பால் அலர்ஜி இருந்த என் மகளுக்குப் பவுடர் பால் வாங்குவதில் நான் செய்த தவறையே போன வாரம் ஓர் இளம் தாய் செய்துவிட்டு வந்து நின்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லாக்டோஸ் இல்லாத பவுடர்

"சிஸ்டர், இது மூணாவது டப்பா" என்றாள். மூன்று மாதக் குழந்தை. பவுடர் பால் ஆரம்பித்த பத்தாம் நாள் மலத்தில் சளி, நடுவே சிவப்பு நூல் போல ரத்தம். கன்னமெல்லாம் சொரசொரப்பு. 'பால் சேரலை' என்று கடையில் சொன்னதும் லாக்டோஸ் இல்லாததை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அலர்ஜி வருவதோ கேசீன், பீட்டா லாக்டோகுளோபுலின் போன்ற புரதங்களால். சர்க்கரையை எடுத்தாலும் புரதம் உள்ளேயேதான் இருக்கும். டப்பாவைத் திருப்பி அவளையே படிக்கச் சொன்னேன். பொடி எழுத்தில் 'பால் புரதம்' என்று இருந்தது. அவள் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை. தாய்ப்பாலிலேயே லாக்டோஸ் நிறைய இருக்கிறதே, அதைக் குடித்து நன்றாக இருந்த குழந்தைதானே? வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில நாள் லாக்டோஸ் செரிக்காமல் போவது உண்டு. அது அலர்ஜி இல்லை.

இது தெரியாமல் ஐந்து வாரம் என் மகளுக்கு அதையே கலக்கிக் கொடுத்தேன். எடை ஏறவே இல்லை. இன்றைக்கும் யாராவது அந்த டப்பாவோடு வந்தால் எனக்குப் பதறுகிறது. இப்படிப்பட்ட குழந்தைக்குப் புரதத்தை நன்றாக உடைத்த பவுடர் வேண்டும், அதுவும் சேராவிட்டால் அமினோ அமிலப் பவுடர் (புரதத்தின் மிகச் சின்னத் துண்டுகள் மட்டும் உள்ளது). டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். 'எச்.ஏ.' (HA, ஹைப்போஅலர்ஜெனிக், அதாவது அலர்ஜி குறைவானது) என்று போட்டதில் புரதம் அரைகுறையாகத்தான் உடைந்திருக்கும், போதாது. உடைத்த பவுடர் விலை அதிகம், கசக்கும், முதல் இரண்டு நாள் துப்புவார்கள். விடாமல் கொடுங்கள்.

"நம்ம வீட்டு மாட்டுப்பால்தானே"

ஓணம் நேரத்தில் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில் பாலைப் பரிசோதிப்பதைப் பார்த்துப் பழகியதால், கலப்படம்தான் அலர்ஜிக்குக் காரணம் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். சுத்தமான பாலில்தான் அந்தப் புரதம் முழுசாக இருக்கிறது. ஒரு வயதுக்குள் பசும்பாலைக் குடிக்கக் கொடுக்கவே கூடாது.

ஆட்டுப்பால்

வேண்டாம். புரதம் ஏறக்குறைய அதேதான்.

தாய்ப்பாலை நிறுத்துவது

கூடாது. அம்மா குடிக்கும் பாலின் புரதம் தாய்ப்பாலிலும் கொஞ்சம் வரலாம் என்பதால், தேவைப்பட்டால் அம்மாதான் டாக்டர் சொல்கிற வாரங்களுக்குப் பால், தயிர், மோரை விட வேண்டும். கால்சியம் மாத்திரையும் கேட்டு வாங்குங்கள்.

முட்டை, நிலக்கடலையைத் தள்ளிப்போடுவது

பயந்து ஒதுக்குவதுதான் ஆபத்து. 2015இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், கரப்பான் (தோல் அரிப்பு நோய்) அதிகமிருந்த குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே கடலை கொடுத்து வந்ததில், ஐந்து வயதில் கடலை அலர்ஜி ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆறு மாதத்தில் கண்ணன்காய் (ஒரு வகை வாழைக்காய்) பொடிக் குறுக்கு, அதாவது கூழ், தொடங்கும்போதே இவற்றையும் யோசிக்கலாம். முட்டையை நன்றாக வேகவைத்து, கடலையை மையாக அரைத்துக் கொடுக்க வேண்டும். கரப்பான் கடுமையாக இருந்தாலோ, ஏற்கெனவே ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

உதடு வீங்கினால்

பால் குடித்த சில நிமிடத்தில் உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இழுத்து, குழந்தை துவண்டால் கைவைத்தியம் பார்க்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.