சென்னை பக்கத்துக் கோவளம் போகும் கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு: அடுத்த சர்ஃப் போர்டு எத்தனை லிட்டர்?

கற்றுக்கொள்பவர்களுக்குத் தரும் மெத்தென்ற எட்டு அடி ஃபோம் போர்டில் நின்று பழகி, உடையாத அலையை யாரும் தள்ளிவிடாமல் பிடித்து, இடமோ வலமோ கொஞ்ச தூரம் ஓட்டத் தெரிந்ததும் சின்ன போர்டு மேல் ஆசை வந்துவிடும். முழங்கால் ஊன்றித்தான் எழுந்திருக்கிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்ச காலம் ஃபோம் போர்டிலேயே இருங்கள்.

கடையில் எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். நீளம், அகலம், கனம் மூன்றும் சேர்ந்த அந்த அளவுதான் உங்களைத் தாங்கும் மிதப்பைச் சொல்லும். பெரும்பாலான போர்டுகளில் இது எழுதியே இருக்கும்.

வாரத்தில் மூன்று நான்கு நாள் கடலில் இறங்குகிறவர் இந்தக் கட்டத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 0.7 லிட்டர் வைத்துச் சமாளித்துவிடுவார். நமக்கு அது போதாது. கிருஷ்ணகிரியிலிருந்து கோவளம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். மாதம் ஒரு தடவை போய் வந்தாலே பெரிது. இடையில் தோளில் பேடில் அடிக்கும், அதாவது படுத்தபடி கையால் தண்ணீரைத் தள்ளிப் போகும், பலம் குறைந்துவிடும். அதனால் கிலோவுக்கு 0.8 முதல் 0.85 வரை வையுங்கள். 55 கிலோ என்றால் 44 முதல் 47 லிட்டர், 70 கிலோ என்றால் 56 முதல் 60, 85 கிலோ என்றால் 68 முதல் 72. கோவளத்துப் பையன்கள் ஆறடி போர்டில் பறப்பதைப் பார்த்து அதையே வாங்கினால், நீங்கள் அங்கே போகும் நாள் முழுக்க அலை உங்களுக்கு அடியில் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். போர்டு வேகம் எடுப்பதற்குள் அலை தாண்டிவிடும், அவ்வளவுதான்.

70 கிலோ ஆளுக்கு 7 அடி 6 அங்குலம் முதல் 7 அடி 10 அங்குலம் வரை நீளம், 22 அங்குல அகலம், 3 அங்குலத்தை ஒட்டிய கனம், உருண்ட மூக்கு (முன் நுனி) என்று தேடுங்கள். ஒரே லிட்டரில் குட்டையான, அகலமான போர்டும் கிடைக்கும். அது சீக்கிரம் திரும்பும், ஆனால் பேடிலில் மந்தம். நம் கரையில் பெரும்பாலும் வரும் இடுப்பளவு, நெஞ்சளவு அலையில் அலையைப் பிடிப்பதுதான் பெரும்பாடு, ஆகவே நீளத்தை விடாதீர்கள். கனத்தை மட்டும் கூட்டி லிட்டர் சேர்த்த போர்டும் வேண்டாம். ஓரம் தடித்துத் தண்ணீரில் அமுங்காது, திருப்புவது கஷ்டம். ஃபோம் போர்டிலிருந்து ஒரே தாவலில் 15, 20 லிட்டருக்கு மேல் இறங்காதீர்கள்.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில் இரண்டு அளவை மாற்றி மாற்றிப் பாருங்கள். அலையில்லாத இடத்தில் படுத்துப் பேடில் அடியுங்கள். மூக்கு தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் நின்றால் சரியான இடத்தில் படுத்திருக்கிறீர்கள். அப்படிப் படுத்தும் நெஞ்சுக்கு அடியில் போர்டு முங்கி, தண்ணீர் மேலேறி வந்தால் அது உங்களுக்குச் சின்னது. மூக்கு மட்டும் உயர்ந்து நின்றால் போர்டைக் குறை சொல்லாதீர்கள், கொஞ்சம் முன்னால் நகருங்கள். பத்து அலைக்கு முயன்று நாலைந்தாவது கிடைக்கவில்லை என்றால் பெரியதையே எடுங்கள்.

காலையும் போர்டையும் இணைக்கும் கயிறான லீஷ், போர்டின் நீளத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்கட்டும்.

இந்த நீளத்தைப் பெரும்பாலும் கார் கூரையில்தான் கொண்டு போக வேண்டும். போர்டின் அடியில் இருக்கும் துடுப்புகளான ஃபின்களைக் கழற்றி, கால் வழுக்காமலிருக்க மெழுகு தேய்த்த மேல் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, பட்டையைக் கை அழுத்தத்துக்கு மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் இழுத்தால் ஓரத்தில் பள்ளம் விழும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் போர்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சூட்டில் மேல் தோல் உள்ளே இருக்கும் ஃபோமை விட்டுக் கொப்பளமாக எழும்பிவிடும், அதைப் பழையபடி ஒட்டவைப்பது லேசில்லை. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளி நிற உறை போட்டு, வண்டியை நிழல் பார்த்து நிறுத்துங்கள். வீட்டிலும் மொட்டை மாடித் தகரக் கொட்டகை வேண்டாம். கட்டிலுக்கு அடியில் இடம் இருந்தால் அங்கே தள்ளிவிடுங்கள்.