யட்சியைக் காதலிக்க வைப்பது எப்படி?

என் நாவலின் முதல் பிரதியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் நாற்பது ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டியவர். பால் வெட்டப் போகும் கதாநாயகன் விடியுமுன் தோட்டத்தில் எங்கள் ஊர்ப் பெண் பேயான யட்சியைப் பார்க்கிறான். பதினாறு பக்கங்களுக்குப் பேசுகிறார்கள். கடைசிவரை கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: “எல்லாம் சரி மக்களே, அவன் முந்நூறு மரத்தை எப்போது வெட்டி முடிப்பான்?”

இளையோருக்குப் பேய்க் காதல் எழுத உட்காருகிறவர்கள் அந்தக் கேள்வியில் தொடங்கலாம். குறுக்கே நிற்க வில்லனும் வேண்டாம், மந்திரவாதியும் வேண்டாம். பேயின் கட்டுப்பாடும் மனிதனின் பிழைப்பும் முட்டிக்கொண்டால் கதை நடக்கும்.

முதலில் பேய். நானும் வெளுத்த முகமும் கூரிய பல்லுமாக ஒருவனைத்தான் எழுதினேன். எங்கள் பக்கத்து முளகுமூட்டுப் புழுக்கத்தில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றான், பாவம். கிழித்துவிட்டேன். யட்சி இருக்கிற ஊரில் அவனுக்கு என்ன வேலை? யட்சியைப் பற்றிக் கேட்டு வளர்ந்ததில் மூன்றை வைத்துக்கொண்டேன். ஏழிலைப்பாலை மரத்தில் இருப்பாள், வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், இரும்புக்கு அடங்குவாள். இரத்தம் குடிப்பதை விட்டுவிட்டேன். மூன்றுக்கு மேல் விதி வைத்தால் எழுதுகிறவருக்கே மறந்துபோகும்.

அடுத்தது பிழைப்பு. குளிரில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குவார்கள். முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, பட்டையை மெல்லிசாகச் சீவி, சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடை. ஆழமாகச் சீவினால் மரத்துக்குக் காயம். மேலாகச் சீவினால் பால் வராது. சீவுகிற கத்தியோ இரும்பு. அது கையில் இருக்கும்வரை அவள் நெருங்க முடியாது. கீழே வைத்தால் அவனுக்குக் கூலி இல்லை. இது பிடிபட்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

யட்சி சுண்ணாம்பு கேட்டால் கத்தி முனையில் நீட்ட வேண்டும் என்பார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் என் நாயகன் கத்தியை வேரடியில் வைத்துவிட்டு, ரப்பர் இலையில் தடவி நீட்டுகிறான். விரல் கூடப் படவில்லை. என் மகள் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தாள்.

வயது விஷயத்தில் ஏமாற்றாதீர்கள். இருநூறு வயதுக் கிழப் பேய் பள்ளிக்கூடப் பிள்ளையைக் காதலிப்பது எனக்குச் சகிக்கவில்லை. தூங்குகிறவளைப் பார்த்தபடி அறைக்குள் நிற்கிற பேயும் அப்படித்தான்; அதையே ஒரு பையன் செய்தால் போலீசைக் கூப்பிடுவோம். என் யட்சி 1946இல் பதினாறு வயதில் இறந்தவள். பாலை பூக்கும்போது ஆண்டுக்குப் பத்து இரவு மட்டும் விழிப்பாள். கதை நடக்கும் 2024 வரை 780 இரவுகள். இரண்டு ஆண்டும் சொச்சமும். ஆக, அவளுக்குப் பதினெட்டு, அவனுக்கும் பதினெட்டு. சுண்ணாம்புக்கு அவள் பழைய திருவிதாங்கூர் நாணயமான சக்கரம் ஒன்றைக் கொடுக்கிறாள். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய் என்கிறாள். 1956 நவம்பர் 1 முதல் இந்த இடம் தமிழ்நாட்டோடு இருக்கிறது என்று அவன் சொல்கிறான், நம்ப மறுக்கிறாள். இந்தச் சண்டையை எழுதும்போதுதான் இருவரும் எனக்கு உயிரோடு எழுந்து வந்தார்கள்.

பாலை ஐப்பசியில் பூக்கும்; மழையும் அப்போதுதான். மழையில் வெட்டு நடக்காது. அந்தப் பத்து இரவில் எத்தனை மிஞ்சும் என்று வாசகர் எண்ணிக்கொண்டே வருவார். மழைக்குப் பிளாஸ்டிக் மறைப்பு கட்டிய தோட்டத்தை மட்டும் கதைக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள்; அங்கே மழைக்காலத்திலும் வெட்டலாம்.

கதையை அவனே சொல்லட்டும். வட்டார வழக்கு பேச்சில் போதும். பெயர் தேடி நாள் கடத்த வேண்டாம்.

முடிவுக்கு நான் போனது கன்னியாகுமரி அம்மனிடம். முகூர்த்தத்துக்காகச் சுசீந்திரத்திலிருந்து இரவில் புறப்பட்ட மாப்பிள்ளை சிவன், நாரதர் சேவலாகக் கூவியதைக் கேட்டு, விடிந்துவிட்டதென்று திரும்பிவிட்டார். சமைக்காத அரிசியெல்லாம் மணலாயிற்று என்பார்கள். அவள் எவ்வளவு அழுதாள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மணலைத்தான் காட்டினார்கள், பொட்டலம் கட்டியும் விற்கிறார்கள்.

என் யட்சியும் போய்விடுகிறாள். மறுநாள் சிரட்டைப் பாலில் பாலைப் பூக்கள் விழுந்து கிடக்கின்றன. அவன் பொறுக்கி எறியாமல் அப்படியே உறையவிட்டு, உருளையில் கொடுத்து, ஷீட்டாக்கிப் புகையில் உலர்த்துகிறான். குப்பை கலந்திருக்கிறது என்று கடைக்காரர் அந்த ஒரு ஷீட்டுக்கு விலையைக் குறைக்கிறார். அவன் விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவருகிறான்.