எம்-பார்(0,5)-ஓட கோஹோமாலஜியை பஸ்ல உக்காந்தே கணக்கு போடுறது எப்படி

மாடுலி ஸ்பேஸ்னா ஒரு வகை வடிவங்கள் எல்லாத்தையும் புள்ளிகளா திரட்டி வச்ச இடம், எம்-பார்(0,5) அப்படி ஒண்ணு; கோஹோமாலஜின்னா ஒரு இடத்துல இருக்கற ஓட்டைகளையும் சுருக்க முடியாத சுத்துகளையும் எண்ற கணக்கு. மாடுலி ஸ்பேஸ் கோஹோமாலஜின்னு கேட்டதும் எம்.எஸ்சி பசங்க நிறைய பேர் நேரா பெரிய புக்கை எடுத்து, ஸ்டாக்னா என்னன்னு முதல் சாப்டர்லயே மாட்டிக்கிட்டு மூடி வச்சிடுறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். ஏன்னா இதுல ஒரு அருமையான கணக்கு இருக்கு, ஒரு நோட்டு, ஒரு பேனா, கடலூர்லேர்ந்து பாண்டி போற பஸ்ல ஒரு ஜன்னல் சீட்டு, அவ்ளோதான் வேணும். நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.

முதல்ல எதை எண்றோம்னு தெளிவாயிடணும். ரீமான் சர்ஃபேஸ்ல இருக்கற ஓட்டை எண்ணிக்கைதான் ஜீனஸ், போண்டாவுக்கு 0, மெதுவடைக்கு 1. ஜீனஸ் ஜி (g) உள்ள சர்ஃபேஸ் மேல 'என்' (n) எண்ணிக்கையில புள்ளிங்களை எடுத்து 1, 2, 3ன்னு நம்பர் போட்டு குறிச்சு, அப்படி வர்ற எல்லா வகையையும் ஒரே இடத்துல திரட்டினா அதுக்கு பேரு எம்(ஜி,என்). அந்த இடத்துல ஒரு புள்ளின்னா அது ஒரு முழு சர்ஃபேஸ், இது மனசுல பதியறவரைக்கும் அடுத்த வரிக்கு போகாதீங்க.

ஜீனஸ் 0லயே நில்லுங்க. கோளத்துல எந்த மூணு புள்ளியையும் மோபியஸ் மாற்றத்தால (கோளத்தோட அமைப்பு கெடாம புள்ளிகளை நகர்த்தற மாற்றம்) 0, 1, முடிவிலிக்கு நகர்த்திடலாம், அதனால எம்(0,3) வெறும் ஒத்தப் புள்ளி. நாலாவது புள்ளி அந்த மூணைத் தவிர எங்க வேணா உக்காரலாம், ஆக எம்(0,4)னா மூணு ஓட்டை போட்ட கோளம். பாண்டில இந்திரா காந்தி சிலையை சுத்தி வர்ற வண்டியோட ரூட்டை சுருக்கி ஒரு புள்ளியாக்க முடியாது, நடுவுல சிலை நிக்குது. அது மாதிரி இங்க மூணு ஓட்டைக்கு மூணு சுத்து, ஆனா கோளத்துல ரெண்டு ஓட்டையை சேர்த்து சுத்தினா மூணாவதை எதிர்ப்பக்கமா சுத்தின கணக்குதான், அதனால தனித்தனியா இருக்கறது ரெண்டே சுத்து. முதல் கோஹோமாலஜியோட அளவு 2.

இப்ப சுத்தை விட்டுட்டு எண்ணிப் பாக்கலாம். மொத்தமே க்யூ (q) எண்ணிக்கையில எண்கள் மட்டும் இருக்கற, கூட்டல் பெருக்கல் வகுத்தல் எல்லாம் அதுக்குள்ளயே நடக்கற ஃபைனைட் ஃபீல்டை எடுத்துக்கோங்க, அது மேல கோளத்துக்கு க்யூ+1 புள்ளி. மூணு போச்சு, நாலாவதுக்கு க்யூ−2 வழி, அஞ்சாவதுக்கு க்யூ−3 வழி. பெருக்கினா எம்(0,5)-க்கு க்யூ² − 5க்யூ + 6. இந்த 1, 5, 6 தான் பெட்டி (Betti) எண்கள், அதாவது 0, 1, 2ன்னு ஒவ்வொரு டிகிரியிலயும் கோஹோமாலஜியோட அளவு, ஒத்தைப்படை டிகிரிக்கு மைனஸ் குறி. இவ்ளோ சுலபமா படிக்க முடியறது ஹைப்பர்பிளேன்களை (ஒரு டைமன்ஷன் குறைஞ்ச நேரான துண்டுகளை) வெட்டி எடுத்த மிச்சமா இந்த ஸ்பேஸ் இருக்கறதால, எல்லா ஓபன் ஸ்பேஸுக்கும் இதே மாதிரி படிச்சிடாதீங்க.

அடுத்தது விளிம்பு, எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். ரெண்டு புள்ளி ஒண்ணையொண்ணு முட்ட வந்தா என்ன செய்யறது? டெலீனும் மம்ஃபோர்டும் 1969ல கொடுத்த வழிப்படி, முட்டுற இடத்துல கோளம் ஒரு குமிழி விட்டு ரெண்டா பிரியும், அந்த ரெண்டு புள்ளியும் புதுக் குமிழி மேல ஏறிக்கும். ஒவ்வொரு குமிழியிலயும் குறிச்ச புள்ளி, ஒட்டுற புள்ளி சேர்த்து குறைஞ்சது மூணாவது இருக்கணும். இந்த விளிம்பையும் சேர்த்துக்கிட்டா எம்-பார்(0,5), ஓரம் எங்கயும் அறுந்து போகாத மூடின ஸ்பேஸ்.

கணக்கு இதுதான். அஞ்சு புள்ளில எந்த ரெண்டு ஓடிப்போகும்னு எடுத்தா 10 வழி, கிருமாம்பாக்கம் தாண்டுறதுக்குள்ள எழுதிடலாம். ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் மூணு புள்ளி, அது அசையாது, இன்னொரு பக்கம் நாலு, அது எம்(0,4) தான், ஆக 10(க்யூ−2). மூணு குமிழி சங்கிலியா நின்னா நடுவுல ஒண்ணு, ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு: நடு ஆளுக்கு 5 வழி, மிச்ச நாலை ஜோடியாக்க 3 வழி, மொத்தம் 15 புள்ளி, அரியாங்குப்பம் பாலம் வந்துடும். கூட்டுங்க:

க்யூ² − 5க்யூ + 6 + 10க்யூ − 20 + 15 = க்யூ² + 5க்யூ + 1

1, 5, 1. முன்னாடி பின்னாடி எப்படி படிச்சாலும் ஒண்ணு, அதுதான் புவான்காரே டூவாலிட்டி. டெலீன் 1974ல முடிச்ச வெய்ல் கன்ஜெக்சர், அதாவது ஃபைனைட் ஃபீல்டு மேல புள்ளி எண்ணிக்கையையும் கோஹோமாலஜியையும் இணைக்கற யூகம், இருக்கறதாலதான், மூடின வழுவழுப்பான ஸ்பேஸ்ல இப்படி புள்ளி எண்ணியே பெட்டி எண்ணை நம்பி சொல்ல முடியுது. கர்வ் மேல இருக்கற வெக்டர் பண்டில்களோட (ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு வெக்டர் ஸ்பேஸை ஒட்டின அமைப்பு) மாடுலிக்கும் ஹார்டரும் நம்ம எம்.எஸ். நரசிம்மனும் 1975ல இதே மாதிரி எண்ணித்தான் பெட்டி எண்களை எடுத்தாங்க.

விளிம்புத் துண்டு 10 இருந்தும் கிடைச்சது 5 ஏன்னு கேளுங்க, கேக்கணும். ஒரு புள்ளியை மறந்துட்டா எம்-பார்(0,4)-க்கு வந்துடுவோம், அது முழுக் கோளம், அதுல விளிம்பா இருக்கற மூணு புள்ளியும் கோஹோமாலஜி கண்ணுக்கு சமம், அந்த சமத்துவத்தை திரும்ப மேல இழுத்தா 10 துண்டுக்கு நடுவுல உறவுகள் வருது. ஜீனஸ் 0ல வர்ற எல்லா உறவும் இதுலேர்ந்தே கிடைச்சிடும்னு கீல் 1992ல காட்டிட்டாரு.

இப்ப நீங்களே எம்-பார்(0,6) போடுங்க. க்யூ³ + 16க்யூ² + 16க்யூ + 1 வரணும். முதல் தடவை எனக்கு வரல, மூணுக்கு மூணா பிரிக்கறதை 20ன்னு எண்ணிட்டேன், ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கறதால அது 10 தான். விடை முன்னாடி பின்னாடி படிச்சா ஒண்ணா வரலைன்னா முதல்ல அங்க போய் பாருங்க.

ஜீனஸ் பெருசாகப் பெருசாக கீழ் டிகிரி கோஹோமாலஜி எப்படி இருக்கும்னு மம்ஃபோர்டு 1983ல யூகிச்சதை மேட்சனும் வைஸும் நிரூபிச்சு 2007ல அச்சுல வந்துச்சு, அதை பொறுமையா அப்புறம் படிக்கலாம். அதுக்கு முன்னாடி ஜீனஸ் 1. எம்(1,1)ல ஒவ்வொரு எலிப்டிக் கர்வையும் (ஒரு புள்ளி குறிச்ச ஜீனஸ் 1 சர்ஃபேஸ்) அதோட சமச்சீர் எண்ணிக்கையால வகுத்து கூட்டுங்க, சரியா க்யூ வரும். அப்புறம் புள்ளிகளை ஒவ்வொண்ணா ஏத்துங்க, 10 வரைக்கும் பாலினாமியலா வந்துக்கிட்டே இருக்கும், எம்-பார்(1,11)ல வராது, 11வது டிகிரில புதுசா ஒண்ணு உள்ள வந்துடுது. அங்க நிக்கறது ராமானுஜன் 1916ல எழுதின டௌ ஃபங்ஷன், ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஒரு மதிப்பு தர்றது, 2க்கு −24, 3க்கு 252.