பந்தயத்துக்கு முந்தைய நாள் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் இரட்டை எஸ்யூ (SU) கார்புரேட்டர்களைச் சமன்செய்வது

முதலில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வால்வு இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வையுங்கள். அடுத்து இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்யுங்கள். இவை இரண்டும் தவறாக இருந்தால் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் என்ன திருகினாலும் வீண்தான்.

இரு டேஷ்பாட்டுகளிலும் (கார்புரேட்டரின் மேலுள்ள ஆயில் கிண்ணங்கள்) எஸ்ஏஇ 20 ஆயில் ஊற்றுங்கள். மூடியைத் திருகத் தொடங்கும் முன்பே அதோடு இணைந்த டாம்பர் தண்டு கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். ஆயில் குறைந்தால், ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் எஞ்சின் திணறும்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கியபின் இரண்டு திராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் வால்வு) தண்டுகளையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்துங்கள். ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் ஒரே இடத்தில் பிடியுங்கள். இரண்டிலும் சீறல் ஒன்றுபோல் கேட்கும்வரை ஐடில் திருகுகளைத் திருப்புங்கள். இதற்குப் பிள்ளைகளின் கூர்மையான காது அருமையாக உதவும். முடி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது.

பிறகு கலவை. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம்: கார்புரேட்டரின் அடியிலுள்ள ஜெட் நட்டை மேலே ஏற்றுங்கள். எஞ்சின் அணையப்பார்த்தால் பெட்ரோல் குறைவு: கீழே இறக்குங்கள். சற்றே கூடி இறங்கினால் சரி. ஒரு தடவைக்கு நட்டின் ஒரு தட்டைப் பக்கம் அளவு மட்டும் திருப்புங்கள். ஒரு கார்புரேட்டரைத் தொட்டால் மற்றதையும் மறுபடி சோதிக்க வேண்டும், பொறுமை தேவை.

பெட்ரோல் குறைந்த கலவையோடு முழு வேகத்தில் ஓட்டினால் எஞ்சினின் பிஸ்டனே உருகலாம். சந்தேகம் இருந்தால் பெட்ரோல் சற்று அதிகமாகவே இருக்கட்டும்.

கடைசியாகக் கிளாம்பை இறுக்கி, சீறலை இன்னொரு முறை கேளுங்கள்; இறுக்கும்போதே சமன் கலைவதுண்டு.